சம்மணம்

மாஸ்டரின் வலது காலைக் காருக்குள் தூக்கி வைத்துவிட்டு இடது காலுக்காக அவர் மனைவி குனிந்தபோது, உள்ளே போன கால் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. வீங்கிய பாதம் செருப்போடு தரையைத் தடவித் தடவி பிரேக்கைத் தேடியது.

"வண்டி இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலீங்க," என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அழுத்துறீங்க?"

"நானா அழுத்துறேன்? அது அழுத்துது."

இடது காலையும் வைத்தாள். அது நேராகக் கிளட்சின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது, சொந்த வீட்டுக்கு வந்த பூனை மாதிரி. பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்த பயிற்சிப் பள்ளிக் கார் அது. அந்த சீட்டில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மீதிப் பாதிக்கு நடக்கவே தெரியாது என்பது அவர் கட்சி.

மகள் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். பரிசோதனைக் கூடத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அப்பா பின்னாடி சாஞ்சுக்கட்டும்மா. முன்னாடி நான் உக்காந்துக்கறேன். லைசென்ஸ் வச்சிருக்கற ஆள் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதானே? எனக்கும் இருக்கு."

"பின்னாடி உக்காந்து போக நான் என்ன புது மாப்பிள்ளையா?" என்றார் மாஸ்டர். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்க அவருக்கு இப்போது ஒரு சிக்னல் நேரம் வேண்டியிருந்தது. "வீட்டுலதான் நான் நோயாளி. வண்டியில மாஸ்டர்."

"டாக்டர் உங்களை அசையக்கூடாதுன்னார்."

"அவர் சொன்னதெல்லாம் உங்கம்மா என்னிக்குக் கேட்டா?"

அது உண்மை. மாஸ்டருடைய இதயம் பாதிதான் வேலை செய்கிறது, மூன்று மாதம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் அழவில்லை; பழக்கதோஷத்தில் பேரம் பேசினாள். பாத்திரக்கடைக்காரர் மகள். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டு வந்தால் அவள் பிறந்த வீட்டில் அன்றைக்கு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். "ஆறுன்னு சொல்லுங்க டாக்டர்," என்றாள். "என் கையில இல்லம்மா," என்றார் அவர். "சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நாலரை." டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். இன்றோடு நாலு மாதம் இருபது நாள். கேட்டது கிடைத்து, மேலே ஐந்து நாள் கொசுறும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதமே மாஸ்டர், இனி ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம், வீடு போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதனால்தான் இன்றைய தேதி முக்கியம். மூன்று முறை டெஸ்டில் தோற்றவள் அவள். நாலாவது முறையும் கோட்டைவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி வரலாம் என்பது அலுவலக விதி. ஆறு மாதம் அந்த வீட்டில் கையிருப்பில் இல்லை.

"சீட் பெல்ட்," என்றார் மாஸ்டர்.

"போட்டாச்சு."

"கண்ணாடி."

"பார்த்தாச்சு."

"எடு, பேரம்."

பேரம் என்பது அவளுக்கு அவர் வைத்த பெயர். கல்யாணமான மூன்றாம் நாள், புதுக் குடை வாங்கப் போன கடையில் அவள் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு வைத்தார். அதற்கப்புறம் அவளுடைய சொந்தப் பெயரை அவர் பயன்படுத்தியது ரேஷன் படிவத்தில் எழுதும்போது மட்டும்தான்.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் அவள் வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே அது குறைந்தது. இரண்டாவது கியருக்கு அவள் கால் போவதற்குள் கிளட்ச் தானாக இறங்கியது. மார்க்கெட் ரவுண்டானாவில் ஒரு பஸ் தூரத்தில் தெரிந்ததும் மாஸ்டரின் வலது கால் முழுசாக அழுந்த, வண்டி நட்டநடுவில் நின்றேவிட்டது. பின்னால் நாலு ஹாரன்.

"அது வர்றதுக்குள்ள நான் ரெண்டு தடவை சுத்தியிருப்பேங்க!"

"மன்னிச்சுக்க. கை மீறிப் போச்சு."

"கையா?"

பின் சீட்டில் மகள் அதற்குள் தூங்கிப் போயிருந்தாள்.

மாஸ்டருடைய பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாலு வாரம் அவர் கால்கள் பெடல் மேல் இருக்கும். கற்றுக்கொள்பவர் வண்டியை அணைய விட்டதாகச் சரித்திரமே கிடையாது, ஏனென்றால் அணையப் போகிற நொடியில் மாஸ்டரின் கிளட்ச் இறங்கிவிடும். ஐந்தாவது வாரம் ஒரு நாள், ஒன்றும் சொல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் ஏற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான். ஆள் தயார். அரசாங்கம் கொடுக்கும் லைசென்ஸ் அதற்கப்புறம் வரும் ரசீது. "மாஸ்டர் சம்மணம் போட்டுட்டாரா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள், "பாஸா?" என்று கேட்பதில்லை. பல்டாக்டர், இஸ்திரிக்காரர், காதில் மெஷின் வைத்த ரிட்டயர்டு தலைமையாசிரியர், எல்லோருக்கும் போட்டார்.

மனைவிக்குப் போடவில்லை. போட மனசில்லாமல் இல்லை, முடியவில்லை. அவர் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, இருபத்தேழு வருடம் பள்ளியின் போனை எடுத்து, படிவம் நிரப்பி, சாலை விதி அத்தனையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், "இனிமே நான் ஓட்டறேன்," என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். ஐந்தாவது வாரம் மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். காலை ஏற்றினார். முதல் திருப்பத்தில் இரண்டு காலும் தாமாகக் கீழே இறங்கின. மறுநாளும் அதே. "ஊரான் பொண்டாட்டியையெல்லாம் நம்புது. என் பொண்டாட்டின்னா இந்தக் கால் நம்ப மாட்டேங்குதே!" என்று தன் முழங்காலைத் தானே அடித்துக்கொண்டார்.

அப்படியே மூன்று டெஸ்ட். மூன்றிலும் அதே மேட்டில் தோல்வி. வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். முதல் தடவை உருண்டு கம்பத்தைச் சாய்த்தாள். இரண்டாவது தடவை அணைந்தது. மூன்றாவது தடவை மூன்று முறை அணைந்தது. மாஸ்டர் வீட்டிலேயே மூன்று ஃபெயில் என்று ஊர் முழுக்கப் பேச்சு. தையல்காரன் கால்சட்டையில் பொத்தல் என்றால் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம்தான்.

ஏன் தோற்கிறோம் என்பது அவளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் தெரிந்தது. மாஸ்டர் படுக்கையோடு ஆகிவிட, பயிற்சிக்கு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் இரண்டாவது தெருவிலேயே தூங்கிப்போனாள். இரவு ஷிப்ட் பார்ப்பவளுக்கு வண்டியின் ஆட்டம் தொட்டிலாட்டம். அன்றைக்குத்தான் அம்மா தன் வாழ்க்கையிலேயே முதல்முறை தானாக வண்டி ஓட்டினாள். பதினோரு தடவை அணைந்தது. வீட்டுக்கு வந்து சாவியைக் கட்டிலின் மேல் வீசினாள்.

"ஏங்க, ஒரு வருஷமா இந்த வண்டிய ஓட்டினது யாரு?"

மாஸ்டர் யோசித்தார். "நாம."

"நாமன்னா?"

"நீ ஸ்டியரிங். நான் மத்ததெல்லாம்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கே தெரியாதுடி. குடும்பமும் அப்படித்தானே ஓடிச்சு?"

"அதுல ஸ்டியரிங் யாரு, மத்ததெல்லாம் யாருன்னு இன்னொரு நாள் உக்காந்து பேசுவோம்."

அதன்பிறகு பத்து நாள், தூங்குகிற மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் ஓட்டிக் கற்றாள். பத்தாம் நாள் வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. இருந்தும் இன்று காலை மாஸ்டர், "நானும் வர்றேன். என்னை உக்கார வச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும்," என்று ஒற்றைக் காலில் நின்றார், நிற்க முடியாத காலில்.

டெஸ்ட் மைதானத்தில் ஏற்கனவே பதினைந்து வண்டி நின்றது. மகளை எழுப்பி, இரண்டு பேருமாக மாஸ்டரை இறக்கி, டீக்கடை நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேட்டைநாய் முகர்கிற மாதிரி அவர் மைதானத்தை ஒரு முறை பார்த்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

எதிர்ப் பள்ளிக்காரர் வந்துவிட்டார். ஹாரன் என்பது அவருக்குத் தொழிலுலகம் கொடுத்த பட்டம். ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவில் ஆள் திரும்பிப் பார்க்கும்.

"என்ன மாஸ்டர்! இந்த உடம்போட வரணுமா? நம்மகிட்ட சொல்லியிருந்தா நானே அண்ணிய ஒரு வாரத்துல தேத்தி விட்டிருப்பேனே!"

"உன் பசங்க எத்தனை பேரு இன்னிக்கு?"

"ஏழு."

"போன வாரம்?"

"அதே ஏழுதான் மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு ஹாரன் தானே சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலை இறக்குவதாக நினைத்துக்கொண்டு, "அண்ணி, மேட்டுல மட்டும் பார்த்துக்கங்க," என்றார். பதினைந்து வண்டிக்காரர்களும் மேட்டைப் பார்த்தார்கள்.

அவள் பெயர் கூப்பிடப்பட்டது.

அதிகாரியை எல்லாப் பள்ளிக்காரர்களும் ஊமைக்கோட்டான் என்பார்கள். எடுங்க, நிறுத்துங்க, திருப்புங்க. இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு இருபது வருடம் உத்தியோகம் பார்த்தவர். வந்தார், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்து சீட்டுக்கடியில் செருகிக்கொண்டார். மூன்று தடவையும் அவளை வீழ்த்தியது அதுதான். அந்தப் பக்கத்துப் பெடல்கள், ஷட்டர் திறந்து கிடந்தும் ஆளில்லாத கடை மாதிரி, வெறுமனே இருந்தன.

"எடுங்க."

எடுத்தாள். கம்பங்களுக்கு நடுவில் ரிவர்ஸ் போனது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு நின்றது. திரும்பினாள். மேடு வந்தது.

"நிறுத்துங்க."

நட்ட நடு ஏற்றத்தில் கைப்பிரேக்கை இழுத்தாள். முன்கண்ணாடி முழுக்க வானம். ஹாரனின் குரல் எங்கோ கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"எடுங்க."

முதல் கியர். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தாள். கிளட்சை விட்டாள், அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தில். பேரத்தில் எதிராளி இறங்கி வருகிற நொடி ஒன்று உண்டு. வாய் முடியாது என்றுதான் சொல்லும், முகமும் மாறாது. ஆனால் கையிலிருக்கும் பொருளைத் திரும்ப வைக்க மனசு வராது. விரலில் ஒரு சின்னத் தயக்கம் ஓடும். அப்பா கடைப் பலகையில் உட்கார்ந்து, ஐந்து வயதிலிருந்து அந்தத் தயக்கத்தைத்தான் அவள் படித்தாள். இப்போது அது இடது உள்ளங்காலுக்கு அடியில் ஓடியது. வண்டி லேசாக நடுங்கியது. முன்பக்கம் ஒரு விரல்கடை மேலே எழும்பியது. இறங்கிட்டான், என்று அவள் மனசு சொன்னது. கைப்பிரேக்கை விட்டாள்.

வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. ஏறியது.

அப்புறம் சாலையில் ஒரு சுற்று. மைதானத்துக்குத் திரும்பி நிறுத்தியபோது ஊமைக்கோட்டான் தாளில் எழுதிக்கொண்டே, "பாஸ்," என்றார். அவரிடம் நாலாவது வார்த்தையும் இருந்தது.

"ஒரு தப்புகூட இல்லையா சார்?" என்றாள் அவள். நம்பாமல் கேட்டதுதான். கிடைத்த பிறகும் பொருளைத் திருப்பிப் பார்க்கிற புத்தி.

"ரெண்டு. மைதானத்துக்குள்ள திரும்பும்போது கண்ணாடி பார்க்கல. ரோட்டுல குறுக்க வந்த தண்ணி வண்டிக்காரரைத் திட்டினீங்க." அவர் கதவைத் திறந்து இறங்கினார். ஒரு காலைத் தரையில் வைத்தபடி திரும்பி, "ரெண்டாவதுக்கு மார்க் குறைக்கல. அவன் அப்படித்தான்," என்றார்.

அவள் நாற்காலியை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் விலை தெரிந்துவிடும் என்று அப்பா சொல்வார். மகள் எதிரே ஓடி வந்து கட்டிக்கொண்டு, அப்படியே போய் வண்டியின் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த சிவப்பு எல் அட்டைகளைப் பிய்த்தாள். ஹாரன் கை தட்டினார். அவருடைய ஏழு பேரும் தட்டினார்கள்.

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் செருப்பைப் பார்த்தார்.

"மேட்டுல எத்தனை தடவை அணைஞ்சுது?"

"ஒண்ணுகூட இல்ல. பார்க்கலியா நீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டேன்," என்றார் மாஸ்டர்.

திரும்ப அவரை வண்டியில் ஏற்றினார்கள். கால் இரண்டும் அதனதன் பெடலில் போய் உட்கார்ந்தன. மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். அவள் சாவியைத் துளையில் நுழைத்தாள், திருப்பவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

"எடு," என்றார் மாஸ்டர்.

"சம்மணம்."

"என்னது?"

"அரசாங்கம் குடுத்திடுச்சு. நீங்க இன்னும் குடுக்கல. சம்மணம் போடுங்க."

"கால் மடங்காதுடி. பானை மாதிரி வீங்கிக் கிடக்கு, பாரு."

"மடங்கற வரைக்கும் நான் சாவியத் திருப்ப மாட்டேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"அம்மா, அப்பாவால முடியாதும்மா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. இது எங்க யாவாரம்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சரி. கிளட்ச் காலை எடுத்துக்கறேன்."

"ரெண்டும்."

"கிளட்ச் காலை மடிச்சு வச்சுக்கறேன். பிரேக் கால் சும்மா பக்கத்துல இருக்கட்டும், மேல படாது. இதுதான் கடைசி விலை, பேரம்."

"கடைசி விலைன்னு சொன்னவங்க யார்கிட்டயும் நான் அந்த விலைக்கு வாங்கினதில்ல."

ஹாரன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஏன் கிளம்பவில்லை என்று ஏழு பேரும் பார்த்தார்கள். மாஸ்டர் தன் காலைப் பார்த்தார், ரொம்ப நாள் வேலை செய்த ஒருவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பப் போகிற முதலாளி மாதிரி. பிறகு தலையைப் பின்னால் திருப்பாமல் கூப்பிட்டார்.

"பாப்பா, இறங்கி வா. வந்து இந்த ரெண்டையும் தூக்கி மடிச்சு விடு."

மகள் இறங்கி வந்து கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றினாள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, இடது காலை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கி மடக்கினாள். மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குது. மடி."

வலது காலையும் ஏற்றி மேலே மடித்தாள். பெல்ட்டைப் போட்டாள். வியர்வை வழிந்த அவர் நெற்றியைத் தன் துப்பட்டாவால் ஒற்றினாள்.

"இனிமே நீங்களா இறக்க முடியாதுப்பா. யாராவது பிடிச்சாத்தான்."

"தெரியும்," என்றார் மாஸ்டர். "அதுக்குத்தான்."

அவள் சாவியைத் திருப்பினாள்.

மைதானத்தின் கேட்டைத் தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டு கையையும் மடியில் கோர்த்து, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் திருப்பத்தில் அவர் முழங்கால் ஒரு முறை துடித்தது. அவ்வளவுதான். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், எல்லாம் அவள் காலுக்கு மட்டுமே கட்டுப்பட்டன. வீட்டுக்கு நேர்வழி இருந்தும் அவள் சுற்றுவழியில் விட்டாள்.

மாஸ்டர் பக்கக் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இங்க எப்படி ஒரு பள்ளிக்கூடம் வந்துச்சு?"

"பதினஞ்சு வருஷமா இருக்குங்க."

"தினம் நாலு தடவை இந்த வழியாத்தானே போவேன்?"

"ரோட்டைத்தானே பார்த்தீங்க."

"ஆமா," என்றார். "சுவத்துல யானை வரைஞ்சிருக்காங்க."

ரவுண்டானா வந்தது. இடப்பக்கம் சரக்கு லாரி, எதிரே பஸ், நடுவில் கை வண்டியோடு ஒருத்தர். அவள் வேகத்தைக் குறைத்தாள், லாரியை விட்டாள், கை வண்டிக்கு நின்றாள், பஸ்ஸுக்கும் தனக்கும் நடுவில் இருந்த இடத்தை ஒரு பார்வையில் எடை போட்டாள், உள்ளே நுழைந்தாள். பஸ் விடாமல் உறுமிக்கொண்டு பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்தது. அவள் அசையவில்லை. பஸ்தான் பின்வாங்கியது.

"இவனுக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?" என்று கத்தினார் மாஸ்டர். நாலு மாதமாக அந்தச் சத்தத்தை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"நீங்கதான்பா கத்துக்குடுத்தீங்க," என்றாள் மகள், பாதித் தூக்கத்தில். "உங்க ஸ்டூடண்ட்தான் அவரு."

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி அடங்கியது. ரவுண்டானா பின்னால் போயிருந்தது. கால் இரண்டும் சீட்டின் மேல், மடித்த மேனிக்கு இருந்தன. இறங்கப் பார்க்கக்கூட இல்லை. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"நல்லா ஓட்டறே," என்றார்.

கடைத்தெரு வந்தது. மெதுவாகப் போனாள். மாஸ்டர் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார்.

"அந்தக் கடையில வாளி தொங்குது பாரு. எத்தனை கலர்!"

"வேணுமா? நிறுத்தட்டுமா?"

பதில் வரவில்லை. வாளிக்கடையும், பூட்டுக்கடையும், நாலு செருப்புக்கடையும் போயின. சிக்னல் சிவப்பில் நின்றது. அவள் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பினாள். கோர்த்திருந்த கைகளில் ஒன்று பிரிந்து சீட்டின் ஓரத்தில் கிடந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். மூக்கின் கீழே புறங்கையை நீட்டிக் காத்திருந்தாள். நாற்பது நொடி சிக்னல் அது. முழு நாற்பதும் காத்திருந்தாள்.

இதில் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முடிந்த யாவாரத்தின் முகம் அவளுக்குத் தெரியும். ஆனால் ரவுண்டானா அவர் இல்லாத இந்தப் பக்கம் இல்லை, அவர் இருந்த அந்தப் பக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்து யானையும், பஸ்காரனும், அந்தச் சிரிப்பும் அந்தப் பக்கம். மைதானத்திலிருந்து வாளிக்கடை வரைக்கும் மாஸ்டர் உயிரோடு, வாயோடு, சம்மணம் போட்டு அவள் வண்டியில் வந்திருக்கிறார். அதில் ஒரு முழம்கூடக் குறைத்துக் கேட்க இனி எவராலும் முடியாது.

பின்னால் ஒரு ஹாரன் சத்தம். பச்சை விழுந்திருந்தது.

கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். முதல் கியர். வண்டி ஒரு நடுக்கமும் இல்லாமல் நகர்ந்தது. மகள் பின்னால் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் கண்விழித்த பிள்ளை, இன்னும் பத்து நிமிடம் தூங்கட்டும். வலப்பக்கம் திரும்பும் முன் சிக்னல் போட்டாள். வேகத்தடையில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பது போல் இறக்கினாள். அவர் தலை கண்ணாடியிலிருந்து நழுவவில்லை. அப்படி ஒரு ஓட்டு அவளும் அதற்கு முன் ஓட்டியதில்லை, அவர் கற்றுக்கொடுத்த யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

வீட்டு வாசலில், சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு நிறுத்தினாள். கைப்பிரேக். நியூட்ரல். எஞ்சினை அணைத்தாள். அப்புறம்தான் கையைப் பின்னால் நீட்டி மகளின் முழங்காலைத் தொட்டாள்.

"எழுந்திரும்மா," என்றாள். "அப்பா காலை இறக்கி விடணும்."

மறுநாள் விடியும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. குறுகலான தெரு. அதில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஆட்கள். பல்டாக்டர், இஸ்திரிக்காரர், பஸ் டிரைவர்கள் ஒரு கூட்டம், காதில் மெஷினோடு தலைமையாசிரியர். ஹாரன் தன் பள்ளியை மூடிவிட்டு ஏழு பேரோடு வந்திருந்தார். அன்றைக்கு அவர் மெதுவாகப் பேசினார், எல்லோருக்கும் கேட்டது.

பத்து மணிக்கு அமரர் ஊர்தி தெருமுனையில் வந்து நின்றது. உள்ளே வர முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு பள்ளிக் கார் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது.

"யாராவது அந்த வண்டிய எடுங்கப்பா," என்று ஒரு குரல்.

தெருவில் நின்ற அத்தனை பேரும் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள். பத்துப் பேர் குடையை மடக்கினார்கள். ஹாரன் உள்ளே வந்து, மாஸ்டரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் முன் குனிந்து கையை நீட்டினார். "சாவியக் குடுங்க அண்ணி. தெரு ரொம்ப ஒடுக்கம், ரிவர்ஸ்லதான் எடுக்கணும். நான் பார்த்துக்கறேன்."

"வேண்டாம்ணே," என்றாள். "நீங்க உக்காருங்க."

அவள் எழுந்தாள். மகளும் எழப் பார்த்தாள். தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். கூட்டம் விலகியது. பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் திருத்தி, வைப்பரை ஓடவிட்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஊர்தி ஓட்டுநர் முனையிலிருந்து ஓடி வந்து, வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் வீச ஆரம்பித்தார். "வாங்க, வாங்க, வாங்க... லேசா ஒடிங்கம்மா... ரைட்ல, ரைட்ல..."

அவள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"தம்பி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. மறைக்கறீங்க."

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தெரு முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வண்டி பின்னால் நகர்ந்தது, ஒரு முறையும் நிற்காமல், இருபுறமும் குடைகளுக்கு நடுவே நேர்கோடாய் முனை வரைக்கும் போய், ஊர்தியைச் சுற்றி வளைந்து, எதிர்ச்சாரியில் இரண்டு வண்டிகளுக்கு இடையில் போய்ச் செருகிக்கொண்டது.

அவள் நடந்து வீட்டுக்குத் திரும்பும்போது, வாசலில் கார் நின்றிருந்த அளவுக்கு ஒரு நீள்சதுரம் மட்டும் நனையாமல் வெள்ளையாகத் தெரிந்தது. ஊர்தி மெல்ல ஊர்ந்து வந்து, சரியாக அந்தக் காய்ந்த தரையின் மேல் நின்றது.